வின்சன்ட் சுவரில் எழுதியது

ஜெயந்தனிடம் ஒரு கர்வம் இருந்தது. படம் பிடிப்பதைப் பற்றியதல்ல அது. சிலாபத்தில் அவனைவிட நன்றாகப் படம் பிடிக்கிறவர்கள் தெருவுக்கு இரண்டு பேர் இருந்தார்கள், அது அவனுக்கே தெரியும். அவனுடைய கர்வமெல்லாம் ஒழுங்கைப் பற்றியது. "பதினெட்டு வருசமா கலியாண வீடு எடுக்கிறன். ஒருத்தன் வந்து என்ட படம் எங்கயெண்டு கேட்டதில்ல" என்று யார் கேட்டாலும் சொல்வான். கேட்காவிட்டாலும் சொல்வான். அதைக் கேட்டுக் கேட்டு அவன் பெண்சாதிக்குக் காது புளித்துப் போயிருந்தது.

அப்படிப்பட்ட மனிதனுக்குத்தான் இது நடந்தது. வேறு யாருக்காவது நடந்திருந்தால் ஊரே சிரித்துவிட்டுப் போயிருக்கும்.

கரையோரக் கோயில்களின் உட்புறங்களைப் படமெடுத்து ஒரு புத்தகம் போட வேண்டும் என்று ஒரு பாதர் அவனைக் கூப்பிட்டிருந்தார். சிலாபத்திலிருந்து கற்பிட்டி வரை பதினான்கு கோயில்கள், ஆறு நாள். வெளிப்புறம் வேண்டாம், முகப்பு வேண்டாம், உள்ளே மட்டும். ஜெயந்தன் மோட்டார் சைக்கிளின் பின்னால் கமராப் பையையும் முக்காலியையும் கட்டிக்கொண்டு புறப்பட்டான். முதுகுப் பையில் ஒரு பழைய லெப்டொப். அதன் பற்றரி செத்து ஒரு வருடம், வயரைச் செருகினால்தான் உயிர் வரும். கூடவே ஒரு ஹார்ட் டிஸ்க். மெமரி கார்ட் ஒன்றுதான். இரண்டாவது கார்ட் கிளம்புகிற அன்று காலையில் வாசிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. புதிது வாங்கப் போனால் நேரமாகும் என்று அதை வீட்டிலேயே விட்டுவிட்டான். ஒழுங்குக்காரனின் இலட்சணத்தைப் பாருங்கள்.

கோயிலுக்குள் படமெடுப்பது கலியாண வீடு மாதிரியில்லை. பீடம் இருட்டில் இருக்கும், பக்கத்து யன்னல் வெள்ளையாய் எரியும். ஒன்றைப் பார்த்தால் மற்றது கெட்டுப்போகும். ஒரே இடத்தில் முக்காலியை ஊன்றி, ஒளியைக் கூட்டி ஒன்று, குறைத்து ஒன்று, நடுவில் ஒன்று என்று மூன்று மூன்றாக எடுக்க வேண்டும். அதற்கு முன் பச்சையாய் அழும் டியூப் லைட்டுகளை அணைக்க வேண்டும். புனிதரின் சுரூபத்தைச் சுற்றி மினுக்கும் சின்ன பல்புகளை அணைக்கச் சொன்னால் கோயில்காரர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், அவர்களைச் சமாளிக்க வேண்டும். பிளாஸ்டிக் பூச்சாடிகளை நகர்த்திவிட்டுப் பிறகு மறக்காமல் அதே இடத்தில் வைக்க வேண்டும். ஒரு கோயிலுக்கு இருநூறு படம் மேலாகும்.

அவனுடைய வேலை முறை இதுதான். கோயில் முடிந்ததும் கரண்ட் இருக்கிற ஏதாவது கடையில் உட்கார்ந்து, அன்றைய படங்களை லெப்டொப்பில் ஏற்றுவான். கோயிலின் பெயரில் ஒரு போல்டர். ஏற்றியதும் கார்டைத் துடைத்துவிடுவான். துடைத்த கார்டில் கமரா மறுபடி ஒன்றாம் இலக்கத்திலிருந்து எண்ணத் தொடங்கும். லெப்டொப்பில் இருப்பது எதுவோ அதையே ஹார்ட் டிஸ்கிலும் வைக்கிற ஒரு புரோகிராம் இருந்தது, பின்னேரமானால் அதை ஓட விடுவான். இரண்டு இடத்தில் இருந்தால் பயமில்லை என்பது அவன் கணக்கு.

போல்டருக்கு ஊர்ப் பெயர் வைத்தானா? இல்லை. சந்தானமாள், செபஸ்தியார், சவேரியார் என்று புனிதரின் பெயரைத்தான் வைத்தான். அந்தக் கரையில் பிறந்த யாரும் அப்படித்தான் செய்திருப்பார்கள். தன் ஊரில் இருக்கும்போது 'அந்தோனியார் கோயில்' என்றால் உலகத்தில் ஒரே ஒரு அந்தோனியார் கோயில்தானே? அந்தக் கரையில் நாலு ஊருக்கு ஒரு அந்தோனியார் உட்கார்ந்திருக்கிறார் என்பது தெரியாதா அவனுக்கு? தெரியும். ஆனால் கை பழகிய வழியில்தான் போகும்.

திங்கட்கிழமை முள்ளிவாடி அந்தோனியார் கோயிலுக்குப் போனான். முள்ளிவாடிக் கோயிலைக் கடல் பிடிக்கப் போகிறது என்று ஊர் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அவன் போன அன்று பின்சுவருக்கும் தண்ணீருக்கும் இடையில் பதினைந்து அடி மணல்தான் மிச்சம். ஊர் ஆம்பிளைகள் எல்லாம் கூடி, மரப்பீடத்தைக் கழற்றித் தூரத்துப் பாடசாலை மண்டபத்துக்குக் கொண்டுபோக ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். கழற்றும் முன் அவன் உட்புறத்தைப் படமெடுத்து முடித்தான். பையைக் கட்டப் போன நேரத்தில் கோயில் மூப்பர் இன்னாசிப்பிள்ளை வந்து அவன் கையைப் பிடித்தார். எழுபது வயசு, வெள்ளைச் சாரம், இரண்டு கண்ணிலும் பால் படர்ந்த மாதிரிப் புரை.

"தம்பி, கொஞ்சம் நில்லு. பீடம் எடுத்த பிறகு இன்னொரு வேலை இருக்கு. அது புத்தகத்துக்கு இல்ல."

பொம்பிளைகளை எல்லாம் வெளியே அனுப்பினார். போன் வைத்திருந்த ஆம்பிளைகளைப் போனை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னார். பீடத்தைப் பன்னிரண்டு பேர் தூக்கினார்கள். பின்னால் சுண்ணாம்புச் சுவர் முழுக்கக் கறுப்பாய், எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து.

முள்ளிவாடியில் அதற்குச் 'சுவருக்குச் சொல்லுறது' என்று பெயர். ஒருவன் முதன்முதலாக நெடுநாள் படகில் ஆழ்கடலுக்குப் போகிற அன்று, பீடத்துக்கும் சுவருக்கும் இடையில் இருக்கிற ஒரு முழ இடைவெளிக்குள் பக்கவாட்டில் நுழைவான். தாரில் தோய்த்த ஈர்க்கால் தன் பெயரை எழுதி, அந்தோனியாரிடம் என்ன கேட்கிறான், கிடைத்தால் என்ன நேர்த்திக்கடன் செய்வான் என்பதை எழுதிவிட்டு வருவான். யாரும் வாசிக்கக்கூடாது. பெண்சாதிக்கும் சொல்லக்கூடாது. அவன் கடலோடு போய்விட்டால் மட்டும், மூப்பர் தனியாக உள்ளே போய் அவன் எழுதியதை வாசித்து, அவன் வீட்டுப் பொம்பிளையின் காதில் மட்டும் சொல்வார். அவன் வைத்துவிட்டுப் போன நேர்த்தியை அவள் தீர்க்க வேண்டும். தீர்க்காத நேர்த்தி பிள்ளைகளின் தலையில் விழும் என்பது அவர்களுடைய பயம்.

"எல்லாத்தையும் எடு. ஒரு எழுத்து விடாம எடு. பிறகு ஒவ்வொருத்தன்ட எழுத்தையும் பெருசாக்கி, பேர மட்டும் பாத்து உறையில போட்டு, ஒட்டிக் கொண்டு வா. அவனவன் வீட்டுக்கு நான் குடுக்கிறன்" என்றார் மூப்பர். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா தம்பி, நீ வாசிக்கப்படாது. படம் எடு. வாசிக்காத" என்றார்.

ஜெயந்தன் கீழ்ப்படிந்தான். அவனும் வேதக்காரன்தானே, அந்தோனியார் விசயத்தில் வாலாட்ட மாட்டான். சுவரில் இருந்த ஒரு வெடிப்பைப் பார்த்துக் குவியத்தைச் சரிசெய்தான். எழுத்துகளைத் தார்க்கோடுகளாக மட்டும் பார்த்து, மேலிருந்து கீழாக, இடமிருந்து வலமாகப் பதினெட்டுப் படம் எடுத்தான். எல்லாம் கூர்மையாக விழுந்திருந்தன. கமராவின் சின்னத் திரையில் பெரிதாக்கி மூலை முடுக்கெல்லாம் பார்த்தான், ஒரு சொல்லையும் வாசிக்காமல் பார்த்தான். அப்படிப் பார்ப்பது ஒரு தனித் திறமை என்றே அன்றைக்கு நினைத்துக்கொண்டான். அட மடையா.

வெளியே வரும்போது ஒரு பெண் வாசலில் நின்றிருந்தாள். முப்பத்தைந்து, முப்பத்தாறு வயசிருக்கும். ஒன்பது வயசுப் பெண்பிள்ளை ஒன்றைக் கையில் பிடித்திருந்தாள். யூஜீனியா என்று பெயர் சொன்னாள். அவளுடைய மனிசன் வின்சன்ட் போன வருடத்துக்கு முந்தின வருடம் மார்ச் மாதம் கடலுக்குப் போனவன். படகும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

"அண்ணன், அவர் எழுதினது படத்தில வந்திருக்கா?"

"எல்லாம் வந்திருக்கு தங்கச்சி. பெருசாக்கித் தாறன்."

"எப்ப தருவீங்க?"

"ஞாயிற்றுக்கிழமை."

அவள் தலையாட்டினாள். பிள்ளையைக் குனிந்து பார்த்து, "ஞாயிறு தருவாராம் அனுஷ்கா" என்றாள். பிள்ளைக்கு அப்பன் போன நாளிலிருந்து வலிப்பு வருகிறது, புத்தளம் ஆஸ்பத்திரியில் மருந்து எடுக்கிறார்கள் என்று பக்கத்தில் நின்ற ஒருத்தி அவனிடம் மெதுவாகச் சொன்னாள். இரண்டு வருடமாக மூப்பர் வின்சன்ட் எழுதியதைச் சொல்லவில்லை என்றும் சொன்னாள். கேட்டால் பிறகு சொல்லுறன், பிறகு சொல்லுறன் என்கிறாராம். ஏன் என்று ஜெயந்தனுக்கு விளங்கவில்லை. ஊர்ப் பிரச்சினை என்று விட்டுவிட்டான்.

அன்று பின்னேரமே முள்ளிவாடிப் படங்களை ஏற்றினான். போல்டரின் பெயர் 'அந்தோனியார்'. கார்டைத் துடைத்தான். செவ்வாய்க்கிழமை இரண்டு கோயில். புதன்கிழமை எத்தாளைக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னக் கோயில், அதுவும் அந்தோனியார்தான்; முடிய இருட்டிவிட்டதால் படங்களை அன்று ஏற்றவில்லை. அன்றிரவு கடல் கொந்தளித்து முள்ளிவாடிக் கோயிலின் பின்சுவரைக் கொண்டுபோய்விட்டது. விடிந்தபோது செய்தி போனில் வந்தது. ஜெயந்தன் தனக்குள் மகிழ்ந்துகூடப் போனான். நல்ல காலம், நான் எடுத்து வைத்திருக்கிறேன் என்று.

வியாழக்கிழமை பகல் நுரைச்சோலைச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடை. மின்நிலையத்தின் புகைக்குழாய் தெரிகிற பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்து, வயரைச் செருகி, கார்டைப் போட்டு, எத்தாளைப் படங்களை ஏற்றத் தொடங்கினான். தொடங்கினானோ, தொடங்கப் போனானோ, பிறகு எவ்வளவு யோசித்தும் அவனுக்கு ஞாபகம் வரவில்லை. கரண்ட் போய்விட்டது. லெப்டொப் செத்தது. "மின்நிலையத்துக்குப் பக்கத்தில இருந்துகொண்டே இருட்டில இருக்கிறம் பாருங்க" என்று கடைக்காரர் வழக்கமான பகிடியை விட்டார். ஜெயந்தன் சிரித்து, இன்னொரு தேத்தண்ணி குடித்தான்.

கரண்ட் வந்து, லெப்டொப்பைத் திறந்தால், 'அந்தோனியார்' என்று ஒரு போல்டர் இருக்கிறது. உள்ளே நிறைய இலக்கங்கள். ஆ, பாதி ஏறியிருக்கிறது, அதற்குள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்தான். கார்டில் இருந்ததை மொத்தமாகத் தூக்கி அதற்குள் போட்டான். இதே பெயரில் படங்கள் இருக்கின்றன, மாற்றி எழுதவா என்று லெப்டொப் கேட்டது. பாவம், அந்த யந்திரம் ஒரு தரம் கேட்டது. ஓம், எல்லாவற்றையும் மாற்று என்று அமத்திவிட்டு பணிசைக் கடித்தான்.

முள்ளிவாடியின் ஒன்றாம் படத்தின் மேல் எத்தாளையின் ஒன்றாம் படம் ஏறியது. இரண்டின் மேல் இரண்டு. முள்ளிவாடியில் இருநூற்றுப் பன்னிரண்டு படம், எத்தாளையில் இருநூற்று நாற்பது. ஒன்றுகூட மிஞ்சவில்லை. பின்னேரம் புரோகிராமை ஓட விட்டான். அது தன் கடமையைச் சரியாகச் செய்து, ஹார்ட் டிஸ்கிலும் முள்ளிவாடியை அழித்து வைத்தது. கார்டோ அதற்குள் மூன்று தரம் துடைத்து எழுதப்பட்டுவிட்டது.

சனிக்கிழமை காலையில், சிலாபத்தில், உறைகளை வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு சுவரைத் தேடினான். வேறு கோயிலின் பீடம் வந்தது. வேறு சுரூபம், வேறு பூச்சாடி. இருநூற்று நாற்பதையும் ஒவ்வொன்றாகத் திறந்தான். பிறகு மறுபடி முதலிலிருந்து திறந்தான். பெண்சாதி வந்து பார்த்து, "என்ன, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள். அவன் லெப்டொப்பை மூடினான். பதினெட்டு வருடம் சொல்லிச் சொல்லிக் காட்டிய ஒழுங்கு நெஞ்சில் கல்லாய் உட்கார்ந்திருந்தது.

அன்றே புத்தளத்துக்கு ஓடினான். அங்கே பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொம்பியூட்டர் திருத்துகிற ஸப்ரான் இருந்தார். அழிந்ததை எடுத்துத் தருவதில் கெட்டிக்காரர் என்று பெயர். லெப்டொப்பையும் டிஸ்கையும் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டு, ஞாயிறு பகல் வரச் சொன்னார். ஞாயிறு போனபோது அவருடைய முகமே பதில் சொல்லிவிட்டது.

"அண்ணன், அழிச்சதெண்டா எடுக்கலாம். இது அழிச்சதில்லையே, அதுக்கு மேலயே எழுதியீக்கிது. டிஸ்கிலயும் கார்ட்லயும் ஒண்டுமே இல்ல. லெப்டொப்புல ஒரு மூலையில ஒரே ஒரு படம் கெடந்திச்சி, அதுவும் பாதிதான். மறுபாதி சாம்பல். நான் நேத்துலருந்து மண்டைய ஒடச்சிட்டன். இதுக்கு மேல அல்லாஹ்தான்."

"என்ன படம்?"

"ஒரு சுவர். கறுப்பால எழுதியீக்கிது. நான் வாசிக்கல்ல அண்ணன். ஒங்கட கோயில் விசயம் மாதிரி தெரிஞ்சிச்சி."

ஜெயந்தனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. "வாசிச்சிருக்கலாம் ஸப்ரான். யாராவது ஒருத்தர் வாசிச்சிருக்கலாம்" என்றான். ஸப்ரானுக்கு ஒன்றும் விளங்கவில்லை. படத்தை அவனுடைய போனுக்கு அனுப்பிவிட்டு, கூலியாக ஒரு சதமும் வேண்டாம் என்று கையை ஆட்டினார்.

கடைக்கு வெளியே, வெயிலில் நின்று அவன் அந்தப் படத்தைத் திறந்தான். மேல் பாதி தெளிவாக இருந்தது, அவன் எடுத்த அதே கூர்மை. இடது பக்கம் வேறு யாருடையவோ எழுத்துகளின் வால்கள். நடுவில், கொஞ்சம் சாய்ந்து, 'வின்சன்ட்' என்று இருந்தது. அதன் கீழே ஒரு வரி: 'அந்தோனியாரே எங்களுக்கு ஒரு பிள்ளைய தந்தா'. அதற்குக் கீழே அடுத்த வரியின் தலைகள் மட்டும், புள்ளிகளும் வளைவுகளும். பிறகு சாம்பல் நிறம், படத்தின் அடி வரைக்கும்.

பதினெட்டுப் படத்தில் இதுதானா மிஞ்ச வேண்டும்? வேறு எவனுடைய எழுத்தாவது மிஞ்சியிருக்கக் கூடாதா? ஜெயந்தன் அந்தோனியாரை அன்றைக்கு வாய்விட்டே ஏசினான்.

அன்றே முள்ளிவாடிக்குப் போய் முதலில் ஆம்பிளைகளிடம் சொன்னான். அடி விழும் என்று எதிர்பார்த்தான். ஒருத்தரும் கோபிக்கவில்லை. "விடு அண்ணன், நான் எழுதினது எனக்குத் தெரியும்தானே" என்றான் ஒருவன். "சுவரே போயிட்டு, படம் போனா என்ன" என்றான் இன்னொருவன். மூன்றாவது ஆள் தோளில் தட்டி, மீன் கொண்டு போறீங்களா என்று கேட்டான். உயிரோடு இருக்கிறவர்களுக்கு அது பெரிய நட்டமில்லை. அவர்கள் மன்னிக்க மன்னிக்க அவன் மேலும் மேலும் மன்னிப்புக் கேட்டான். அந்தச் சுவர் தேவைப்பட்ட ஒரே ஒரு ஆள் யாரென்று எல்லாருக்கும் தெரியும், ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

மூப்பர் தன் வீட்டு விறாந்தையில் தனியாக இருந்தார். ஜெயந்தன் விசயத்தைச் சொன்னான்.

"ஐயா, நீங்க ரெண்டு வருசத்துக்கு முன்னம் உள்ள போய் வாசிச்சீங்கதானே? அத யூஜீனியாவுக்குச் சொல்லிடுங்க. படம் தேவையில்ல" என்றான் ஜெயந்தன். அவனுக்கு இருந்த கடைசி நம்பிக்கை அதுதான்.

"போனன் தம்பி. ரெண்டு தரம் போனன். டோர்ச் அடிச்சிப் பாத்தன்." மூப்பர் தன் கண்களைத் துடைத்தார். "ஒண்டும் தெரியல்ல. கறுப்பு கறுப்பா ஊருது. கண் தெரியாதெண்டு சொன்னா மூப்பர் வேலைய வேற ஆளுக்குக் குடுத்திடுவானுகளெண்டு சொல்லாம இருந்திட்டன். கண்ணில புரை வெட்டின பிறகு வாசிப்பமெண்டு இருந்தன். ஆஸ்பத்திரியில நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டானுகள். நீ வந்ததும், படமா எடுத்துக் குடுத்தா அவளே வாசிச்சிடுவாளெண்டு நினைச்சன்."

"அப்ப என்னையாவது வாசிக்க விட்டிருக்கலாமே ஐயா!"

"வாசிக்கப்படாதெண்டுதானே சட்டம்" என்றார் அவர். சொல்லிவிட்டு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார்.

யூஜீனியாவின் வீடு பாடசாலைக்குப் பக்கத்தில், தகரம் போட்ட இரண்டு அறை. அவள் அவனுக்காகக் காத்திருந்தாள். பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமைச் சட்டை போட்டு விட்டிருந்தாள். மேசையில் விரிப்பு விரித்து, கோப்பையில் பிஸ்கட் வைத்திருந்தாள். ஜெயந்தன் அந்த பிஸ்கட்டைப் பார்த்தபடி கதிரையின் நுனியில் உட்கார்ந்தான்.

சொன்னான். போல்டர், பெயர், கரண்ட், எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்கு அதில் பாதி விளங்கவில்லை. கடைசியில், "உறை கொண்டு வரல்லயா அண்ணன்?" என்று கேட்டாள்.

வெறுங்கையோடு இருக்க முடியாமல் போனை எடுத்து அந்தப் பாதிப் படத்தைக் காட்டினான். காட்டாமல் விட்டிருக்கலாம். அதை அவன் பிறகு எத்தனையோ தரம் நினைத்தான். அந்த நேரத்தில் ஏதாவது ஒன்றைக் கொடுத்துவிட வேண்டும் போல இருந்தது.

அவள் வாசித்தாள். உதடு அசைந்தது. வின்சன்ட். அந்தோனியாரே எங்களுக்கு ஒரு பிள்ளைய தந்தா. பிறகு விரலைத் திரையில் வைத்து மேலே தள்ளினாள். படம் நகரவில்லை. மறுபடி தள்ளினாள். அடியில் இன்னும் இருக்கிறது, இந்த மனிதருக்குத்தான் திறக்கத் தெரியவில்லை என்பதுபோல அவனைப் பார்த்தாள்.

"அவ்வளவுதான் தங்கச்சி. கீழ இல்ல."

"கலியாணம் முடிச்சி அஞ்சு வருசம் எங்களுக்குப் பிள்ளையில்ல" என்றாள் அவள். "அந்த வருசம்தான் அவர் பெரிய படகுக்குப் போனார். அடுத்த வருசம் இவள் பிறந்தாள். பிள்ளையத்தான் கேட்டிருப்பாரெண்டு எனக்குத் தெரியும் அண்ணன். எனக்கு வேணுமாயிருந்தது மற்றது. என்ன தாறனெண்டு சொன்னார்?"

ஜெயந்தனுக்கு ஒரு யோசனை வந்தது. கெட்ட யோசனைதான், ஆனால் இரக்கத்தில் வந்தது. ஒரு பொய்தானே? ஒரு சின்ன நேர்த்தி. அவள் நாளைக்கே செய்து முடித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள்.

"எனக்கு லேசா ஞாபகம் இருக்கு" என்றான். "படமெடுக்கும்போது கண்ணில பட்டது. ஏழு செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி எண்டு..."

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். கோபமில்லை. "நீங்க ஒரு எழுத்தும் வாசிக்கல்ல, நல்ல மனிசன், சொன்ன சொல்லக் கேட்டாரெண்டு மூப்பர் ஊரெல்லாம் சொன்னார்" என்றாள். "பொய் நேர்த்தி வேணாம் அண்ணன். பொய் நேர்த்தி செஞ்சிட்டு உண்மையானது நிண்டா, பிறகு யார்ட்ட போய் அழுறது?"

அவனுக்குக் காது மடல் சுட்டது. தலையைக் குனிந்துகொண்டான்.

"மூப்பருக்கு எல்லாம் தெரியும்" என்றாள் மறுபடி. "வாசிச்சிட்டுத்தான் ரெண்டு வருசமா வாய் திறக்காம இருக்கிறார். மெழுகுதிரியெண்டா சொல்லியிருக்க மாட்டாரா? ஏழைகளுக்குப் பாண் குடுக்கிறதெண்டா சொல்லியிருக்க மாட்டாரா? வாயால சொல்ல முடியாத ஒண்டு, அதுதான் சொல்லல்ல."

"இல்ல தங்கச்சி! அவருக்குக் கண் தெரியாது. அவரே இப்ப எனக்குச் சொன்னார். அவர் வாசிக்கவேயில்ல."

"ஒருத்தர் வாசிக்கல்லயெண்டா நம்பலாம். ரெண்டு பேரும் வாசிக்கல்லயா?" அவள் லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஒரு சொட்டு நம்பிக்கையும் இல்லை. "எனக்குப் பாவம் பாக்கிறீங்க. பரவாயில்ல."

எழும்பி உள்ளே போனாள். வரும்போது கையில் ஒரு கத்தரிக்கோலும் வெள்ளைத் துணியும் இருந்தன. பிள்ளையைக் கூப்பிட்டு வாசலில் வெளிச்சம் விழுகிற இடத்தில் உட்கார வைத்தாள். அனுஷ்காவின் பின்னல் இடுப்பு வரைக்கும் கிடந்தது.

"என்ன செய்யப் போறீங்க?"

"என்னெண்டு தெரியாட்டி எல்லாத்தையும்தானே செய்யணும்" என்றாள் யூஜீனியா. சமையலுக்கு வேண்டிய சாமானைச் சொல்வது மாதிரிச் சொன்னாள். "இண்டைக்கு இவள்ட முடி. செவ்வாயில இருந்து பாண், ஒரு வருசத்துக்கு. திருநாளுக்குத் தலவிலைக் கோயிலுக்கு நடந்து போறம், செருப்பில்லாம. மடு மாதாவிட்ட முழந்தாளில. மூக்குத்தியும் தோடும் கோயிலுக்கு. பத்து வயசானா மடத்து விடுதியில எடுப்பாங்களாம், சிஸ்டரிட்ட கேட்டன். அங்கயே இருந்து படிச்சி, அங்கயே சிஸ்டர் உடுப்புப் போடட்டும்."

ஜெயந்தன் எழுந்து நின்றுவிட்டான். "மடத்துக்கா? இருக்கிறது ஒரே ஒரு பிள்ளை! இவளும் போனா நீங்க தனிய என்ன செய்வீங்க?"

"பிள்ளையக் கேட்டு வாங்கினவர் வேற என்னத்தக் குடுப்பார்? எங்கள்ட்ட வேற என்ன இருந்தது?"

அம்மா என்ன சொல்கிறாள் என்று பிள்ளை நிமிர்ந்து பார்த்தது. தலையைக் குனி என்று அவள் பிடரியில் கை வைத்தாள். பிள்ளை குனிந்தது.

"அவர் அப்பிடி எழுதியிருக்க மாட்டார்" என்றான் ஜெயந்தன். "எந்தத் தகப்பனும் அப்பிடி எழுத மாட்டான் தங்கச்சி. சத்தியமா எழுதியிருக்க மாட்டார்."

யூஜீனியா பின்னலின் நுனியில் இருந்த றிபனை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தி, ஒரு கணம் உண்மையாகவே ஆசையோடு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீங்க வாசிச்சீங்களா அண்ணன்?"

ஜெயந்தன் இல்லை என்று தலையசைத்தான். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள்.